மூடி வைத்த சட்டி

விக்ரம் உள்ளே நுழைந்ததும் மாமியார் குப்பம்மா செய்த முதல் காரியம், சாப்பாட்டுக்கு நடுவில் இருந்த சட்டியை மூடி எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனதுதான்.

திரும்பி வந்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க மாப்ள. ஒரு போன் பண்ணியிருந்தா கோழி எடுத்தாந்திருப்பேனே."

செம்பரம்பாக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அகல்யா வந்திருந்தாள். அவளை அம்பத்தூருக்கு அழைத்துப் போகச் சாயங்காலம் வருவதாகச் சொன்ன விக்ரம், மதியமே வந்துவிட்டான்.

மிளகும் பூண்டும் வறுபட்ட வாசனை வீடு முழுக்க இருந்தது. அகல்யா அவசரமாகத் தன் தட்டில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்ன அத்தை வறுத்தீங்க? வாசனை தெருவரைக்கும் வருது."

"ஒண்ணுமில்ல மாப்ள. நேத்து கொழம்பைச் சுட வச்சேன். ஒக்காருங்க, முட்டை ஊத்திக் குடுக்கறேன்."

விக்ரமுக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் வேலை போக மிச்ச நேரத்தில் சாப்பாட்டு வீடியோ போடுகிறவன் அவன். பாங்காக்கில் வெட்டுக்கிளி, சியோலில் நெளிகிற ஆக்டோபஸ் என்று எதையும் விட்டு வைத்ததில்லை. 'விக்ரம் எதைக் குடுத்தாலும் சாப்பிடுவான்' என்பது ஆபீஸில் அவனுக்கு ஒரு பட்டம் மாதிரி. அவனுக்கு ஒரு வாய் போட்டால் என்ன குறைந்து போய்விடும்?

"ஸ்பெஷல் எல்லாம் பொண்ணுக்கு மட்டும்தான் போல," என்றான் அகல்யாவிடம்.

அவள் நிமிரவில்லை.

கை கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போனான். துவைக்கிற கல்லின் மேல் சட்டி இருந்தது. மூடியைத் தூக்கினான். மிளகில் புரண்டு கருகருவென்று நத்தைக் கறி. பக்கத்து முறத்தில் உடைத்த ஓடுகள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சட்டியோடு உள்ளே வந்தான்.

"இதுக்கா அத்தை ஒளிச்சீங்க? எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும். அகல்யா, போனை எடு. ஒரு வீடியோ போட்டுடலாம்."

"போன் வேணாம்," என்றாள் அகல்யா.

"ஏன்? செம்பரம்பாக்கம் நத்தைன்னு போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்."

குப்பம்மா அடுப்படிக்குள் போனார். அகல்யா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வருஷம் வியட்நாம்ல நத்தை சாப்பிட்டு வீடியோ போட்டியே, அதுல என்ன சொன்னே?"

"என்ன சொல்லியிருப்பேன், சூப்பரா இருக்குன்னு."

"'நம்ம ஊர்ல சோத்துக்கு வழியில்லாதவங்க சேத்துல பொறுக்கித் தின்ற ஐட்டம் இது. இங்க பாருங்க, எவ்ளோ டீசன்டா குடுக்கறாங்க'ன்னு சொன்னே. நான் ஆசையா உன் வீடியோ ஒண்ணொண்ணா அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேனா, அதுவும் ஓடிடுச்சு."

விக்ரமுக்கு அதைச் சொன்னதே மறந்துவிட்டிருந்தது. பேச்சுக்கு நடுவில் ஒரு வேடிக்கைக்காகச் சொன்னது.

"உங்க வீட்ல இது சாப்பிடுவீங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? அங்க போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான். நீ அதைச் சொன்னதும் பின்னாடி ஒரு சிரிப்பு கேக்கும் பாரு, அது நான். அம்மாவுக்கு என் சிரிப்பு தெரியாதா?" அவள் கண் கலங்கியிருந்தது. "ஒரு வார்த்தை கேக்கல விக்ரம். நீ வர்றப்ப மட்டும் இதை ஆக்கவே மாட்டாங்க."

விக்ரம் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

குப்பம்மா முட்டையோடு வந்தார்.

"முட்டை வேணாம் அத்தை. எனக்கும் இதையே போடுங்க."

"வேணாம் மாப்ள."

"நிஜமாவே சாப்பிடுவேன் அத்தை. வெளிநாட்டுலயே சாப்பிட்டிருக்கேன்."

"அது அந்த ஊரு நத்தை மாப்ள. இது நம்ம வாய்க்கால்ல கீறது."

குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது.

"அத்தை, அன்னிக்கு நான்..."

"துன்னுங்க, ஆறிப்போவுது," என்று முட்டையைத் தட்டில் வைத்தார்.

அப்போது குடோன் வேலைக்குப் போயிருந்த மாமனார் வேம்புலி உள்ளே வந்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் இருந்த சட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க மாப்ள. ஒரு வழியா உங்க கண்ணுல காட்டிட்டாளா?"

"நீ போயி கை கால் களுவு," என்றார் குப்பம்மா.

"இரு, சொல்றேன். நீங்க வியட்நாம் போய் வந்தப்ப விருந்துக்குக் கூப்ட்டோமே மாப்ள, அன்னிக்கு இவ இன்னா பண்ணா தெரியுமா? மாப்ளைக்குப் புதுசு புதுசா துன்றதுன்னா உசுருன்னு, முட்டி வலியோட விடிகாலைல வாய்க்கால்ல எறங்கி ஒரு கூடை நத்தை பொறுக்கிகினு வந்தா. பொண்ணு உங்களுக்கு முன்னாடியே வந்து உங்க வீடியோவெல்லாம் காட்டிகினு இருந்துச்சு. அப்றம் இவளுக்கு இன்னா ஆச்சோ தெர்ல, கூடையைத் தூக்கிகினு போயி அத்தினியையும் வாய்க்கால்லயே உட்டுட்டு, கோழி வாங்கியாந்து ஆக்கினா."

அகல்யா அம்மாவைப் பார்த்தாள். இது அவளுக்கும் புதிது.

வேம்புலி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஏன்டி இப்டி பண்ணேன்னு கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன் மாப்ள. உங்க ஒடம்புக்கு ஆவாதுன்னு சொன்னாளே தவிர, இன்னி வரைக்கும் வேற ஒரு வார்த்தை அவ வாய்லருந்து வரல."