நடிக்கத் தெரியாதவன்

ஹனோவர் முதியோர் இல்லத்தில், கண்பார்வை போன மகேந்திரராஜா காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

“ஆர், மூத்தவனே?”

“ஓம் அப்பா, கிருபன்தான்.”

“உன்ரை தம்பி இன்னும் லண்டன் ரீவியிலை கூத்தாடுறானே?”

“ஓம். பத்து வருசமா ஒரே சீரியலிலை நடிக்கிறான். நல்ல பேர்.”

“அவனுக்கெங்கை நடிக்கத் தெரியும்? ஒரு சின்னப் பிள்ளையைக்கூட அவனாலை ஏமாத்த ஏலாது. எனக்கு நீதான் கொள்ளி வைக்கவேணும். அவன் தொடக்கூடாது. சத்தியம் பண்ணு.”

“சத்தியமா, அப்பா.”

வெளியே வந்ததும் தங்கை பிரபாலினி அவன் கையைப் பிடித்து அழுதாள். “கிருபன் அண்ணான்ரை குரலேதான், சின்னண்ணா. அவர் செத்து ஒரு வருசமெண்டு அப்பாவுக்குத் தெரியவே கூடாது.”

லண்டன் நடிகன் தலையாட்டினான்.

“கொள்ளி வைக்கிற அண்டைக்கும் அண்ணாவாவே நடிக்கிறன்.”