கொடியில் காய்ந்த துணி

“துணி எங்கே போச்சு?” என்றார் இவாபுச்சி.

செத்சு விழித்தாள். “நேத்துக் காலையில நான்தான் சார் காயப்போட்டேன். ஒண்ணு விடாம.”

“காயப்போட்டா கொடியில இருக்கணுமே! காத்துல பறந்துபோச்சா? ஸ்டூடியோவுக்குள்ள ஏதும்மா காத்து?”

துணி என்றால் நீங்களும் நானும் உடுத்துகிற துணி இல்லை. விரல் நகத்தளவுச் சட்டை, தீக்குச்சி நீளத்துக்கு ஒரு குழந்தை அங்கி. டோக்கியோ நகரத்தை இடுப்பு உயரத்துக்குக் கட்டிவைத்து, கடலிலிருந்து வரும் பூதம் அதை மிதித்து நாசமாக்குகிற படம். பொம்மை வீடுகள் கட்டும் பிரிவுக்கு இவாபுச்சி தலைவர். அந்த வீடுகளின் மாடியில் துணி காயப்போடுவது செத்சுவின் வேலை.

நேற்று எடுத்ததை இன்று காலை போட்டுப் பார்த்த டைரக்டர் எகிறிக் குதித்துவிட்டார். தூரத்திலிருந்து எடுத்த காட்சியில் துணி இருக்கிறது. பூதம் கிட்டே வந்ததும் கொடி காலி.

“பூதம் வருதுன்னு மடிச்சு உள்ளே வெச்சுட்டாங்களாய்யா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இவாபுச்சிக்கு மானமே போயிற்று. இது முதல் தடவையும் இல்லை.

யாரைச் சந்தேகப்படுவது? அதில் அவருக்குச் சிரமமே கிடையாது. பசை டப்பா காலியானால்கூட யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாக நினைக்கிற மனுஷன்.

“உனக்கு ஒரு பொண்ணு இருக்கில்ல?”

“இருக்கா சார். ஒன்பது வயசு.”

“பொம்மை வெச்சு விளையாடுவாளோ?”

புரிந்ததும் செத்சுவுக்கு முகம் வெளுத்தது. “பொம்மைக்குச் சட்டை வேணும்னா வீட்டிலேயே தைச்சுடுவேனே சார். இங்கேயிருந்து எதுக்கு எடுக்கணும்?”

“பின்ன, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதுக்கும்மா சிவப்புச் சட்டை? யார் கண்ணுக்குத் தெரியப்போகுது? அப்பவே நினைச்சேன்.”

“வெறும் வெள்ளையா தைச்சா எனக்குக் கை ஓடல சார். வீடுன்னா நாலு கலர் இருக்கும்ல?”

அவளுடைய சாப்பாட்டு மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். இரண்டு சோற்று உருண்டையும் ஊறுகாயும்தான் இருந்தன. அப்படியும் சந்தேகம் குறையவில்லை. கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

“மத்தியானம் அடுத்த தெருவை மிதிக்கிறாங்க. போய்த் துணியைக் காயப்போடு. இந்தத் தடவையும் காணாமப் போச்சுன்னா, நாளையிலேர்ந்து வராதே.”

புருஷனைப் போரில் பறிகொடுத்தவள். இந்த வேலையும் போனால் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கொடியில் மாட்டினாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் கான்டீனுக்கு ஓடினார்கள். இவாபுச்சி மட்டும் வானம் வரைந்த திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். இன்றைக்கு அவளைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது!

கொஞ்ச நேரத்தில் சரசரவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்.

வந்தது செத்சு இல்லை. பூதம்.

அதாவது, பூதத்துக்குள் புகுந்து நடிக்கிற உத்சுமி. தலையையும் மேல்பாதியையும் கழற்றிவிட்டு, இடுப்புக்குக் கீழே ரப்பர் காலும் வாலுமாக வந்தார். ஒரு வீட்டிலும் இடிக்காதபடி வாலைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். தெரு நடுவே மண்டியிட்டு, கொடியிலிருந்த சட்டைகளை இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் சேர்த்தார்.

“அகப்பட்டீங்களா!” வானத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்தார் இவாபுச்சி. “செத்சுவும் நீங்களும் கூட்டா? இல்ல, என் வேலைக்கு உலை வைக்கச் சொல்லி எவனாவது அனுப்பினானா?”

உத்சுமி சட்டென்று கையை மூடிக்கொண்டார்.

“அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. அவங்க மேல பழி விழுந்தது இப்பத்தான் காதுல விழுந்துச்சு. டைரக்டர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். அவங்க வேலைக்கு எதுவும் ஆகக்கூடாது.”

“அது கிடக்கட்டும். உங்களுக்கு எதுக்கு இந்தத் துணி?”

உத்சுமி மூடிய கையைத் திறந்து சட்டைகளைப் பார்த்தார்.

“மாடியில துணி காஞ்சா, வீட்டுக்குள்ள ஆள் இருக்காங்கன்னுதானே அண்ணே அர்த்தம்? குழந்தைத் துணி வேற இருக்கு. அதைப் பார்த்துட்டா எனக்குக் கால் வர மாட்டேங்குது. எடுத்துட்டேன்னா, எல்லாரும் தப்பிச்சுப் போயிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு மிதிச்சுடுவேன்.”

போர் முடிந்த வருஷம், மார்ச் மாதம், விமானங்கள் வந்து கொட்டிய நெருப்பில் இவாபுச்சியின் வீடும் சாம்பலானது. அம்மாவையும் தங்கையையும் தேடி எடுக்கக்கூட முடியவில்லை. இப்பேர்ப்பட்ட மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

பக்கத்தில் மண்டியிட்டு உத்சுமியின் தோளில் கை வைத்தார்.

“செத்சுகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். டைரக்டர்கிட்டயும் நானே பேசறேன், நீங்க வர வேண்டாம்.” பிறகு கேட்டார்: “உங்க வீடும் அன்னிக்குத்தான் எரிஞ்சுதா? குண்டு விழறப்போ நீங்களும் கீழேதான் இருந்தீங்களா?”

“இல்லண்ணே. இது அதுக்கு முன்னாடி, சீனாவுல,” என்றார் உத்சுமி. “நான் மேலே விமானத்துல இருந்தேன். ரொம்பத் தாழப் பறந்தோம். துணி காயறது நல்லாத் தெரிஞ்சுது. தெரிஞ்சும்தான் விசையை அழுத்தினேன்.”