கடைசிப் பழம்

"முப்பது வருஷம், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு சொன்னவ நான். நான் எப்பக் கிளம்பணும்னு நீ சொல்றியாடா?"

விதைக் கடையில் வைத்து அக்கா இப்படிக் கேட்டதும் தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். நல்லவேளை, கடைக்காரம்மாவைத் தவிர வேறு ஆள் இல்லை.

பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவள் அக்கா. தனிக்கட்டை. இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கி, மூன்று வாரம் கட்டிலோடு கிடந்தாள். அன்றிலிருந்து தம்பி ஒரே பிடியாக நின்றான். வீட்டைப் பூட்டிவிட்டு, நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் தன் ஏழாவது மாடி ஃபிளாட்டுக்கு அவள் வந்துவிட வேண்டும். சாமான் கட்ட அட்டைப்பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டான்.

"இந்தத் தடவை கணுக்காலோட போச்சு. அடுத்த தடவை யாருக்கா தூக்குவா?"

"நீ சைக்கிள் கத்துக்கறப்ப நாப்பது தடவை விழுந்தே. உன்னைக் கொண்டுபோய் மாடியிலயா பூட்டி வச்சேன்?"

கடைக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விதைப் பாக்கெட்டுகளைக் கண்ணாடி மேசைமேல் பரப்பினாள்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் பழம் வளர்த்துச் சாப்பிட வேண்டும். வேலையில் இருந்தவரை அதற்கு நேரம் வாய்க்கவில்லை. அதைச் சாப்பிட்டு முடித்ததும் வருகிறேன் என்றாள். இதுகூடச் செய்யாமல் தம்பி என்று எதற்கு இருப்பது என்று அவனே காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"இந்தத் தர்பூசணி ஒரு பழமே எட்டுக் கிலோ வரும்" என்றாள் கடைக்காரம்மா.

"அதோட கொடி மொத்த இடத்தையும் அடைச்சுக்குமே. தொட்டிக்கு ஒரு கொடின்னு வச்சு வலையில ஏத்தி விடணும். குட்டிப் பழமாக் காட்டும்மா."

"முலாம்பழம் பாக்கறீங்களா? உள்ளங்கையில அடங்கும்."

"வாசனைதான் தெருவைக் கூட்டும். வாயில வச்சா சப்புனு இருக்கும். வேணாம்."

தம்பி பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பி நாள் கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, இது அறுபத்தஞ்சே நாள். விதையே இல்லாத குட்டித் தர்பூசணி. துப்புற வேலையும் மிச்சம்."

"விதையில்லாத பழம் எனக்கு எதுக்கு? பழம்னா பழமா இருக்கணும்."

கடைசியில் கரும்பச்சை வரியோடிய ஒரு நாட்டு ரகத்தில் அவள் விரல் நின்றது. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகாத பழம். எழுபத்தைந்து நாள்.

நூறு நாள் ரகமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு அடம் பண்ணுவாள் என்று பயந்திருந்த தம்பிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "மஞ்சள் சதை உள்ளதும் ஒண்ணு எடுத்துக்கயேன்" என்றான் தாராளமாக.

"ரெண்டு ரகம் பக்கத்துல இருந்தா தேனீ கலந்து விட்டுடும். இது ஒண்ணு போதும்."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"மூணு வாரமும் சுவத்தையா பார்த்துக்கிட்டுக் கிடந்தேன்?"

பாக்கெட்டை அவள் கையில் கொடுத்தவன் விரலை நீட்டினான். "கடைசிப் பழத்தைப் பறிச்ச அன்னிக்கு வண்டி வாசல்ல நிக்கும். அப்புறம் ஒரு பேச்சு இருக்கக் கூடாது."

"கடைசிப் பழம். கேட்டுக்கிட்டியாம்மா? நாளைக்கு இவன் மாத்திப் பேசினா நீதான் சாட்சி" என்றாள் அக்கா.

வாரம் தவறாமல் போன் செய்தான். முளைச்சிருக்கு என்றாள். பூத்திருக்கு என்றாள். காய் பிடிச்சிருக்கு என்றாள். எண்பதாவது நாள் அவளே கூப்பிட்டாள். "காம்புக்குப் பக்கத்துச் சுருள் காஞ்சிடுச்சு, பழுத்தாச்சு. சாப்பிட வா."

வேனோடு வந்து இறங்கினான். கை கழுவப் போனபோது குளியலறைச் சுவரில் புதிதாக ஒரு இரும்புப் பிடியும் தரையில் ரப்பர் விரிப்பும் இருந்தன. கிளம்புகிற வீட்டுக்கு எதற்கு இந்தச் செலவு என்று நினைத்துக்கொண்டான்.

அடுப்படி மேடையில் பழத்தை வைத்து அக்கா கத்தியை அழுத்தினாள். படீரென்று பிளந்தது. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. ஒரு துண்டைக் கடித்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மத்தது எங்கக்கா?"

"மூணு காய்ச்சுது. ரெண்டு பக்கத்து வீட்டுக்குப் போயாச்சு. இதோட அந்தக் கொடி முடிஞ்சது."

"அப்ப இதான் கடைசிப் பழம். பெட்டியை இறக்கச் சொல்லவா?"

அக்கா பின்கதவைத் திறந்துவிட்டாள்.

சுவரோரம் வரிசையாகத் தொட்டிகள். முதல் தொட்டியில் வாடிய கொடி. அடுத்ததில் பந்து பந்தாகக் காய்கள். மூன்றாவதில் எலுமிச்சை அளவுப் பிஞ்சு. நான்காவதில் பூ. ஐந்தாவதில் நாலே இலை. ஆறாவதில் காலையில்தான் தண்ணீர் தெளித்த மண்.

"எல்லா வண்டியையும் ஒரே நேரத்துல கிளப்பி விட்டா டிப்போ காலியாயிடும்டா. அதான் பதினைஞ்சு நாளைக்கு ஒண்ணு."

பழத் துண்டோடு நின்றவன் மனதுக்குள் பரபரவென்று கணக்குப் போட்டான். "பாக்கெட்டுல இருபது விதைதான். பாக்கி பதினாலு. ஏழு மாசத்துல தீர்ந்துடும். அதுக்கப்புறம் விதைக்கு எங்க போவ?" என்று கேட்டுவிட்டு, வாயில் சேர்ந்ததைத் துப்ப வாசற்படிப் பக்கம் திரும்பினான்.

அக்கா அவன் தாடைக்குக் கீழே ஒரு தட்டை நீட்டினாள். அதில், பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்த கறுப்பு விதைகள் ஏற்கெனவே கழுவிக் காய்ந்து கிடந்தன.

"கீழ துப்பிடாதடா. இதுல போடு."