இன்னும் நூறு அடி

செங்கோட்டுவேல் மத்தியானச் சோற்றில் கை வைத்தபோது டோடோமாவிலிருந்து ஜூமா கூப்பிட்டான். தான்சானியாவில் போர்வெல் கம்பெனி திறந்து மூன்று மாதம் ஆகிறது. அவருடைய முப்பது வருடப் போர்வெல் அனுபவத்தைத் திருச்செங்கோட்டில் மெஷின் வைத்து மூளையிலிருந்து எடுத்து, அங்கே மேனேஜர் ஜூமாவின் தலையில் ஏற்றியிருந்தார்கள். கொங்குத் தமிழும் கூடவே போய்விட்டது.

"ஏனுங்கண்ணா, ஆயிரத்தி நானூறு அடி போயாச்சுங்க. வெறும் புழுதிதானுங்க. கம்ப்ரசர் காத்து ஓஸ் வேற வீங்குது. இன்னும் நூறு போட்டுப் பாக்கறனுங்க."

அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். இப்படி வீங்கிய ஓஸ் வெடித்துத்தான் மச்சான் மாரப்பன் செத்தான். அன்றைக்கு இன்னும் நூறு அடி என்று விரட்டியது தான்தான் என்பதை மாரப்பனின் தங்கையான தன் மனைவி பாவாயியிடம் அவர் சொன்னதே இல்லை. வெளிநாட்டு லைசென்சுக்கு மதிப்பெண் குறையுமென்று, தண்ணீர் வராத போர்களையெல்லாம் அனுபவத்திலிருந்து வெட்டச் சொன்னதும் அவர்தான். மாரப்பன் செத்த போரும் அதில் போயிற்று.

"வண்டிய நிறுத்து ஜூமா! ஆளுகள எறக்கு!"

"நிறுத்தறதுங்களா?" ஜூமா நிஜமாகவே யோசித்தான். "தண்ணி வராம நீங்க நிறுத்துனதா எனக்கு நாவகமே இல்லீங்களேண்ணா. சும்மா பயப்படாதீங்க."

பாவாயி ரசம் ஊற்றக் குனிந்தாள். அவருக்கு வேறு வழியில்லை.

"கேளு ஜூமா. மாரப்பன்னு எனக்கு ஒரு மச்சான் இருந்தான். ஓஸ் வெடிக்கும், எறங்கறேன்னான். நாந்தான் எறங்க உடல. அதுலதான் செத்தான்."

அந்தப் பக்கம் கம்ப்ரசர் சத்தம் நின்றது. பாவாயி கரண்டியைக் கீழே வைத்தாள்.