கதவுச் சத்தம்

கார் கம்பெனியில் இன்ஜினியரான ஜெயசிங்கின் வேலை, கார்க் கதவைச் சாத்தும்போது எழும் சத்தத்தைச் சரிசெய்வது. "எவன் எவ்வளவு ஓங்கி அறைஞ்சாலும் சரி, கோவம் காதுல விழக்கூடாதுப்பா," என்று மேலாளர் சொல்லியிருந்தார். வருடக்கணக்கில் ஒரே கதவை அறைந்தும் மெல்லத் தள்ளியும் பார்த்து, ரப்பரையும் பூட்டையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, கடைசியில் சாதித்துவிட்டான். எப்படிச் சாத்தினாலும் மெத்தையில் தலையணை விழுந்தாற்போல ஒரே 'தொப்'. ஆபீசில் கேக் வெட்டினார்கள். மச்சானையும் அந்தக் காரையே வாங்க வைத்தான்.

அந்தக் கார்தான் இப்போது அவன் மனைவி ரூபியைக் கூட்டிப்போக வந்து தெருவில் நின்றது. போகும்முன் ஒரு சண்டையாவது போடுவாள் என்று காலையிலிருந்து காத்திருந்தான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "கதவச் சாத்திக்கோங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

கோபத்தில் போகிறாள் என்றால் என்றைக்காவது திரும்பி வருவாள். கோபம்கூட இல்லையென்றால் அவ்வளவுதான். கார்க் கதவை எப்படிச் சாத்தப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடியிலேயே நின்றான்.

கீழே 'தொப்' என்று கேட்டது.