பதினெட்டுக் கீறல்

தீர்த்தம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து, கடத்தூர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும் அர்ச்சுனன் முன்னால் ஒற்றை எழுத்து செதுக்கிய ஒரு மரவில்லையைப் போடுகிறாள். “அண்ணா, சயாம்ல ஜப்பான்காரனுக்கு ரயில் ரோடு போட்டவரு நீங்க. இது என்னா எழுத்துங்க? சீக்கிரம்!” அவள் புருஷன் ராஜாமணியும் அதே வேலைக்குப் போனவன்தான். இன்று காலை தபாலில் வந்த மூட்டையில் அவன் சட்டையும் இந்த வில்லையும் மட்டும் இருந்தன. ஆள் செத்துப்போனான் என்று முடிவுகட்டிய பங்காளிகள், பொழுது சாய்வதற்குள் அவள் தாலியை அறுத்துவிட வீட்டில் காத்திருக்கிறார்கள். அர்ச்சுனன் தண்ணீர்த் தொட்டியில் விரலை நனைத்துக் கறுப்பு டியூபின் மேல் அந்த எழுத்தைக் கீறல் கீறலாக இழுக்கிறான். மொத்தம் பதினெட்டு. ஈரம் வெயிலில் மினுங்குகிறது. “இதா, இந்தப் பக்கம் காலு. அந்தப் பக்கம் வெளக்குமாறு. ஜப்பான் பாஷையில கயேருன்னு படிக்கணும்.” “வெளக்குமாறா? யாரை அடிக்கங்கண்ணா?” “அடிக்க இல்ல தங்கச்சி, வூட்டைக் கூட்டி வைக்க! ஊருக்குத் திரும்பறான்னு அர்த்தம்.” அவள் வில்லையை எடுத்துக்கொள்கிறாள். “ஒத்தை எழுத்தைச் சொன்னா பங்காளிங்க நம்புவாங்களா?” அர்ச்சுனன் தன் அரைஞாண் கயிற்றை இழுக்கிறான். அதில் அதே மரவில்லை, அதே பதினெட்டுக் கீறல். “என் மூட்டையில வந்த இதையும் கொண்டுபோய்க் காட்டு. மூட்டை மொதக் கப்பல்ல வரும், ஆளு அடுத்த கப்பல்ல வருவான். நான் வந்து வாசல்ல நின்னப்ப, என் பொஞ்சாதி தாலிய அறுத்து ரெண்டு நாளாச்சு. ஓடு!”