பச்சைப் பட்டை

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பெற்றோர் சங்கத்தின் மனுவை ஐந்தாவது முறையாக நீட்டினாள் தர்ஷிகா. பள்ளியில் விளையாட்டு நேரத்தை எடுத்துவிட்டதிலிருந்து பிள்ளைகள் தூக்கத்தில் அலறுகிறார்கள். அவள் மகள் யாழிசை பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அதிகாரி மனுவைத் தொடவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். மனநலத்தை அளக்கப் பள்ளி மணிக்கட்டில் கட்டிவிட்ட பட்டைகளின் கணக்கு அதில் ஓடியது; முந்நூறு பிள்ளைகளின் பெயர்களும் பச்சையாக இருந்தன.

"எல்லாப் பசங்களும் சந்தோஷமாத்தான் இருக்காங்கம்மா. சும்மா சும்மா மனு தூக்கிட்டு வராதீங்க."

பக்கத்தில் நின்ற மகளின் மணிக்கட்டிலிருந்து பட்டையை வெடுக்கென்று கழற்றினாள் தர்ஷிகா. குனிந்து, அவருடைய மேசைக்காலில் இறுக்கிக் கட்டினாள். திரையில் யாழிசையின் பெயர் பச்சையாகவே இருந்தது.

"உங்க மேசையும் சந்தோஷமாத்தான் இருக்கு சார். நாளையிலேர்ந்து இதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. என் பொண்ணு விளையாடப் போறா."